15, 30 சரி, அப்புறம் ஏன் 40? டென்னிஸ் ஸ்கோரின் பூர்வீகம்: விவாத இழை

#1 பேஸ்லைன் பாண்டி

விம்பிள்டன் சீசன் வந்தாலே இந்தக் கேள்வி கிளம்பிவிடும். முதல் பாயிண்டுக்கு 15, அடுத்ததுக்கு 30, மூன்றாவதுக்கு மட்டும் 40. என்ன கணக்கு இது?

நான் நம்புவது கடிகாரக் கதையை. அந்தக் காலத்தில் கோர்ட் ஓரம் ஒரு கடிகார முகப்பை வைத்து, பாயிண்டுக்குக் கால் வட்டம் முள்ளை நகர்த்துவார்களாம். 15, 30, 45. நாலாவது பாயிண்டில் முள் உச்சிக்கு வந்தால் கேம். பிறகு டியூஸ் (40–40 சமநிலை), அட்வான்டேஜ் (அதற்கடுத்த பாயிண்டை எடுத்தவரின் முன்னிலை) எல்லாம் வந்ததும் இடம் போதாமல் 45-ஐ 40-க்கு இறக்கி, அட்வான்டேஜுக்கு 50 என்று வைத்துக்கொண்டார்கள். கச்சிதமாகப் பொருந்துகிறது.

பாயிண்டே எடுக்காதவருக்குச் சொல்லும் லவ் என்றால் முட்டை. அதில் சந்தேகமே இல்லை.

வேறு விளக்கம் இருந்தால் ஆதாரத்தோடு வாருங்கள். "எங்கேயோ படிச்சேன்" என்று மட்டும் யாரும் வராதீர்கள்.

#2 ஷட்டில் ராஜா

எங்க தெருவுல "லவ் ஆல்" சொல்லாம ஒரு கேமும் ஆரம்பிக்காது. அதுக்கு அர்த்தம் என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல. நான் ஓரமா உக்காந்து படிக்கிறேன், நீங்க நடத்துங்க.

#3 சொல்லேர்

பாண்டி அண்ணே, ஆதாரம்தானே? தேதியிலிருந்து ஆரம்பிப்போம்.

1415-இல் அஜின்கோர் போரில் ஆங்கிலேயரிடம் சிக்கிய பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர் ஓர்லியான் கோமகன் சார்ல். 1440-இல்தான் விடுதலை. இருபத்தைந்து வருடம் இங்கிலாந்தில் கைதியாகக் கிடந்தவர், நல்ல கவிஞர். வயதோடு பந்தாட்டம் (டென்னிஸின் மூதாதை) ஆடி இப்போது நாற்பத்தைந்துக்கு வந்து நிற்கிறேன் என்று ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அவர் பிறந்தது 1394. வயதும் 45, ஸ்கோரும் 45. சிலேடை! 45 என்பது ஆட்டக் கணக்கு என்று கேட்கிறவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் இது எடுபடும். ஆக, 1440 வாக்கிலேயே இந்தக் கணக்கு ஊரறிந்த சங்கதி.

அடுத்து 1522. எராஸ்மஸ் மாணவர்களுக்கு லத்தீன் பேச்சு பழக்க எழுதிய உரையாடல்களில் ஒன்று பந்தாட்டம் பற்றியது. அதிலும் முப்பது, நாற்பத்தைந்து என்றே எண்ணுகிறார்கள்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். அந்த நூற்றாண்டுகளில் கோபுரக் கடிகாரங்களுக்கு மணி முள் ஒன்றுதான். நிமிட முள் பரவலானது ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரம் கண்டுபிடித்த பிறகு. ஒற்றை முள்ளைக் கால் வட்டமாக நகர்த்தினால் 3, 6, 9 என்றுதான் வரும். 15 எங்கிருந்து வரும், அண்ணே?

#4 பேஸ்லைன் பாண்டி

கடிகாரம் என்றால் மணி பார்க்கும் கடிகாரமாகவே இருக்க வேண்டுமா? ஸ்கோருக்கென்று செய்த வட்டத் தட்டாக இருக்கலாமே. அறுபது பாபிலோன் காலத்திலிருந்து புழங்கும் எண். வானியல், நில அளவை எல்லாவற்றிலும் உண்டு.

#5 சொல்லேர்

அதைச் சொன்ன ஆளும் இருக்கிறார். ழான் கோஸலான், பிரெஞ்சு மன்னரின் நூலகத்துக்குப் பொறுப்பாளர். பந்தாட்டத்தில் ஏன் பதினைந்து பதினைந்தாக எண்ணுகிறார்கள் என்று 1579-இல் ஒரு சிறு பிரசுரமே போட்டார். வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு 60 பாகை, அதன் நாலில் ஒரு பங்கு 15 என்பது அவர் சொன்ன ஒரு விளக்கம். இன்னொன்று நில அளவை.

அதில் எனக்குப் பட்டது வேறு. மன்னரின் நூல்கள் முழுக்கக் கையில் வைத்திருந்த மனிதரே 1579-இல் ஊகம்தான் செய்கிறார். அவருக்கு முன்னால் 1555-இல் இத்தாலியில் அன்டோனியோ ஸ்கைனோ என்ற பாதிரியார் பந்தாட்டங்களைப் பற்றி முதல் முழு நூலை எழுதினார். அவரும் இந்தக் கணக்குக்குக் காரணம் தேடித்தான் பார்க்கிறார். ஆடுகிறவன் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான், ஏன் என்பது அப்போதே மறந்துபோயிருக்கிறது.

#6 அடையாறு வாசி

சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் 15 அடி முன்னால் வருவார், கடைசியில் வலைக்குப் பக்கமாகிவிடுவதால் 10 அடி மட்டும், அதனால் 40 என்று ஒரு கணக்கு சொல்வார்களே?

#7 ஓய்வு லைன்ஸ்மேன்

அந்த ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்று தெரியாதவர் கட்டிய கதை அது. பழைய உள்ளரங்க டென்னிஸ் இன்றும் சில கோர்ட்களில் நடக்கிறது. சர்வ் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான், பக்கச் சுவரை ஒட்டிய சாய்ந்த கூரையில் பந்தை உருட்டிவிட வேண்டும். முன்னேறி வந்து அடிக்கிற வழக்கமே கிடையாது.

#8 காஞ்சனா (நாணயம் சேர்ப்பவர்)

என் பக்கத்திலிருந்து ஒன்று. நான் டென்னிஸ் ஆடியதில்லை, நாணயம் பார்ப்பேன்.

1266-இல் பிரான்சின் ஒன்பதாம் லூயி வெளியிட்ட வெள்ளிக் காசு க்ரோ டூர்னுவா. ஒரு பக்கம் நடுவில் சிலுவை, சுற்றி இரண்டு வட்டமாக எழுத்து. மறுபக்கம் கோட்டை போல ஒரு சின்னம், விளிம்பில் லில்லிப் பூக்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு இருக்கும். சும்மா அழகுக்காக இல்லை. காசின் மதிப்பு 12 டெனியே (அன்றைய சின்னக் காசு) என்று படிக்கத் தெரியாதவனும் பூவை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

பின்னால் சின்னக் காசுகளில் வெள்ளி குறைய, பெரிய காசின் மதிப்பு ஏறி 15 டெனியேவுக்குப் போனது. ஜெர்மன் ஆய்வாளர் ஹைனர் கில்மைஸ்டர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தை. அந்தக் காலப் பந்தாட்டம் பந்தயம் கட்டி ஆடிய ஆட்டம். பணத்தை நடுவில் வலை போலக் கட்டிய கயிற்றடியில் வைத்துவிட்டுத்தான் ஆடுவார்கள். பாயிண்டுக்கு ஒரு காசு, அந்தக் காசு 15 டெனியே. ஒரு பாயிண்ட் ஜெயித்தால் 15, இரண்டுக்கு 30, மூன்றுக்கு 45. நாலு காசு சேர்ந்தால் 60, கேம். எண்ணியது பாயிண்டை அல்ல, பணத்தை.

சீல் வைத்த ஆவணம் எதுவும் இல்லைதான். ஆனால் வட்டம், பாகை எல்லாம் படித்தவர்கள் பிறகு உட்கார்ந்து யோசித்தவை. காசு ஆடுகிறவன் மடியில் இருந்தது. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது.

#9 பேஸ்லைன் பாண்டி

காஞ்சனாக்கா, காசுக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. 45 எப்படி 40 ஆனது? அதைச் சொல்லாமல் நழுவிவிட்டீர்கள். என் தட்டில் அதற்கும் இடம் இருக்கிறது.

#10 குராய்டன் குமரேசன்

இதற்கு நான் பதில் சொல்லலாம். தெற்கு லண்டனில் ஒரு சின்ன கிளப்பில் ஆடுகிறேன். இங்கே வார இறுதி ஆட்டத்தில் பலர் "ஃபிஃப்டீன்" என்று முழுசாகச் சொல்லமாட்டார்கள். "ஃபைவ்–லவ்", "தர்ட்டி–ஃபைவ்" என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழித்துக்கொண்டு நிற்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டுக்கும் கத்த வேண்டியிருந்தால் வாய் குறுக்கு வழியைத் தேடும். பிரெஞ்சில் 45-ஆன "கராந்த் சேங்க்" என்பதில் வால் உதிர்ந்து "கராந்த்" (40) மட்டும் நின்றிருக்கும். அவ்வளவுதான்.

அட்வான்டேஜுக்கு 50 என்பதெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது. "அட்வான்டேஜ்" என்று வாய்ச்சொல்லாகவே இருக்கும்போது அதற்கு எண் எதற்கு?

இதே குடும்பத்தில் இன்னும் ஆட்டங்கள் உயிரோடு இருக்கின்றன. ஸ்பெயினில் வலென்சியா பக்கம் கையால் அடிக்கும் பிலோட்டாவில் 15, 30, அடுத்தது "வால்", அதற்கடுத்து கேம். மூன்றாவது படிக்கு எண்ணே இல்லை. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் காட்சென் என்ற ஆட்டத்தில் 2, 4, 6 என்று போகும். ஊருக்கு ஊர் எண் மாறியிருக்கிறது, நாலு படி மட்டும் மாறவில்லை.

#11 ஷட்டில் ராஜா

சரி, லவ்வுக்கு வாங்கப்பா. காதலா, முட்டையா?

#12 பேஸ்லைன் பாண்டி

முட்டைதான். பிரெஞ்சில் முட்டைக்கு "லொஃப்". ஆங்கிலேயன் காதில் "லவ்" என்று விழுந்தது. பரீட்சையில் நாம் முட்டை வாங்குவதில்லையா? கிரிக்கெட்டில் டக் அவுட் என்பது "டக்ஸ் எக்" தானே? சுழியைப் பார்த்தால் உலகம் முழுக்க முட்டை ஞாபகம்தான் வரும்.

#13 சொல்லேர்

உருவம் ஒத்துப்போவதால்தான் இந்தக் கதை இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. ஆனால் முட்டை இட்டதாகச் சொல்லப்படும் வீட்டிலேயே முட்டையைக் காணோம். பிரெஞ்சுக்காரர்கள் 15–0-ஐ "கேன்ஸ்–ஸேரோ" என்கிறார்கள், முன்பு "ரியேன்", ஒன்றுமில்லை என்று சொன்னதுண்டு. பந்தாட்டத்தில் "லொஃப்" என்று எண்ணியதற்குப் பழைய பிரெஞ்சு எழுத்தில் தடயம் கிடையாது.

ஆங்கிலத்தில் பணம் கட்டாமல் சும்மா ஆடுவதற்கு "ஃபார் லவ்" ஆடுவது என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தொடர் புழக்கத்தில் இருந்தது. ஸ்கோரில் சுழியத்துக்கு "லவ்" என்று அச்சில் வருவது 1742-இல், எட்மண்ட் ஹாயில் விஸ்ட் என்ற சீட்டாட்டத்துக்கு எழுதிய கையேட்டில். கவனியுங்கள், டென்னிஸ் இல்லை, சீட்டு. கையில் ஒன்றும் சேராதவன் ஆசைக்குத்தான் ஆடுகிறான் என்ற கிண்டல். அகராதிக்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

காஞ்சனா அக்கா சொன்ன கில்மைஸ்டர் மட்டும் டச்சு மொழியின் "லோஃப்", அதாவது புகழ், மரியாதை என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார். பணத்துக்காக அல்லாமல் பெருமைக்காக ஆடுவது. சுற்றி வந்தாலும் மறுபடி பந்தயம் கட்டாத ஆட்டம் என்ற இடத்துக்கே வருகிறது. 15 என்பது பணம், லவ் என்பது பணமின்மை. இந்த ஜோடிப் பொருத்தத்தைப் பார்த்த பிறகு முட்டையை நான் தொடுவதாயில்லை.

#14 அடையாறு வாசி

டியூஸ்? "டியூஸ்" என்றால் ஆங்கிலத்தில் பிசாசு என்றும் பொருள் உண்டே. ஆடிப் பார்த்தவனுக்கு அதுதான் பொருத்தம்.

#15 குராய்டன் குமரேசன்

ஹாஹா. பிரெஞ்சில் "ஆ தெ", இரண்டுக்கு. ஜெயிக்க இன்னும் இரண்டு பாயிண்ட் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று பொருள். 1598-இல் ஜான் ஃப்ளோரியோ தொகுத்த இத்தாலி–ஆங்கில அகராதியிலேயே இது டென்னிஸ் சொல்லாக வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சு ஓப்பனில் அம்பயர் இன்று "டியூஸ்" சொல்வதில்லை. முதல் தடவை 40–40 வந்தால் "கராந்த்–ஆ". அதே கேமில் மறுபடி சமமானால் "எகாலிட்டே". விற்ற கடையில் இல்லாத சரக்கு வாங்கியவன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

"டென்னிஸ்" என்ற பேரும் அப்படித்தான். சர்வ் போடுமுன் "தெனே!", இந்தா பிடி, என்று கத்தியதிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. ஆனால் பிரான்சில் அந்த ஆட்டத்துக்குப் பேர் "போம்", உள்ளங்கை. வெளியூர்க்காரன் காதில் விழுந்ததைப் பேராக வைத்துக்கொண்டான். 1400 வாக்கில் ஆங்கிலக் கவிஞர் ஜான் கவர் எழுதும்போதே "டெனெட்ஸ்" என்று வந்துவிடுகிறது.

#16 காஞ்சனா (நாணயம் சேர்ப்பவர்)

"லெட்" பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சர்வ் வலையைத் தொட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் "லெட்", மறுபடி போடு. இது விடு என்ற பொருளில் வரும் "லெட்" இல்லை. தடை என்று பொருள் தரும் பழைய ஆங்கிலச் சொல். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே குடியரசுத் தலைவர் பேரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படியுங்கள். "வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்று இருக்கும். டென்னிஸ் கோர்ட்டுக்கு வெளியே அந்தச் சொல் மிச்சமிருக்கும் சில இடங்களில் நம் பாஸ்போர்ட்டும் ஒன்று.

#17 ஷட்டில் ராஜா

எடுத்துப் பார்த்தேன்க்கா, இருக்கு!! இமிக்ரேஷன் கவுண்டர்ல லெட் சொல்லி மறுபடி சர்வ் கேக்கலாம் போல.

#18 ஓய்வு லைன்ஸ்மேன்

எல்லாரும் இடைக்காலத்திலேயே நிற்கிறீர்கள். முக்கியமான கட்டம் ஒன்று விட்டுப்போகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்தில் கோடு பார்க்க நின்ற காலத்திலிருந்தே இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

நாம் இன்று பார்க்கும் டென்னிஸ், புல்தரை டென்னிஸ், பிறந்தபோது அதில் 15–30–40 கிடையவே கிடையாது. வால்டர் க்ளாப்டன் விங்ஃபீல்ட் என்ற மேஜர் 1874-இல் காப்புரிமை வாங்கி, வலை, மட்டை, பந்து எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு விற்றார். ஸ்ஃபைரிஸ்டிகே என்று வாயில் நுழையாத கிரேக்கப் பேர். கோர்ட் உடுக்கை மாதிரி, வலைப்பக்கம் இடுப்பு ஒடுங்கி இருக்கும். ஸ்கோர் முறையை ராக்கெட்ஸ் என்ற சுவர்ப் பந்தாட்டத்திலிருந்து எடுத்தார். 15 பாயிண்டுக்கு ஒரு கேம், சர்வ் போடுகிறவருக்கு மட்டுமே பாயிண்ட். 1875-இல் மேரில்போன் கிரிக்கெட் கிளப் வகுத்த விதிகளிலும் இதேதான். ராஜா தம்பி, 2006-க்கு முன்னால் ஷட்டில் ஆடியிருந்தால் உங்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

1877-இல் விம்பிள்டனில் இருந்த குரோக்கே கிளப் ஒரு டென்னிஸ் போட்டி வைக்க முடிவுசெய்தது. விதி எழுத மூன்று பேர்: ஹென்றி ஜோன்ஸ், ஜூலியன் மார்ஷல், சி. ஜி. ஹீத்கோட். இவர்கள் உடுக்கையைத் தூக்கிப்போட்டு 78 அடிக்கு 27 அடி செவ்வகம் வைத்தார்கள். இன்றுவரை ஒற்றையர் கோர்ட் அளவு அதுதான். கூடவே சுலபமான 15 பாயிண்ட் கணக்கையும் ஒதுக்கிவிட்டு, பழைய உள்ளரங்க ஆட்டத்தின் 15–30–40-ஐக் கொண்டுவந்தார்கள்.

அதாவது, இது தானாக வழிவழியாக வந்து நம் தலையில் விழுந்த பழக்கம் இல்லை. கையில் எளிய முறை இருந்தது, புழக்கத்திலும் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு விநோதமானதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். மார்ஷல் பழைய டென்னிஸின் வரலாற்றை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர், அவர் அந்தப் பக்கம் பேசியிருந்தால் ஆச்சரியமில்லை. ஜோன்ஸ் இன்னும் சுவாரசியம். அவர் ஒரு டாக்டர், "காவெண்டிஷ்" என்ற புனைபெயரில் விஸ்ட் சீட்டாட்டத்தின் பேரறிஞர். சொல்லேர் சொன்ன அதே விஸ்ட், "லவ்" முதலில் அச்சேறிய ஆட்டம்.

ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு என் ஊகம் இது. 15 பாயிண்ட் கேமில் 12–3 என்று போய்விட்டால் பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான். 15–30–40-இல் எவ்வளவு பின்தங்கினாலும் அடுத்த கேம் மறுபடி லவ்–ஆலில் ஆரம்பிக்கும். ஒரு ஷில்லிங் கொடுத்து முதல் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்த இருநூறு பேருக்கு அது பெரிய விஷயம். ஸ்பென்சர் கோர் 6–1, 6–2, 6–4 என்று சுலபமாகத்தான் ஜெயித்தார், அது வேறு கதை.

#19 சொல்லேர்

சார், அருமை. உள்ளரங்க ஆட்டத்தின் சொல் விதிப்புத்தகம் வழியாகப் புல்தரைக்குத் தாவியிருக்கிறது. நடுவில் மூன்று நான்கு வருடம் அறுந்து கிடந்த நூலை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

#20 கணக்கு வாத்தி

லைன்ஸ்மேன் சார் ஊகத்துக்கு எண் தருகிறேன். சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு பாயிண்டையும் ஜெயிக்கும் வாய்ப்பு 60% என்று வையுங்கள். அவர் கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 73.6%. டியூஸில் மாட்டினால்கூட அங்கிருந்து 69% அவருக்குத்தான். டியூஸை எடுத்துவிட்டு 40–40-இல் ஒரே பாயிண்டில் முடித்தால் 71% ஆக இறங்கும். இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும் என்ற விதி கொஞ்சம் நன்றாக ஆடுகிறவருக்குச் சாதகம். பேர் 15 ஆனால் என்ன, ஒன்றானால் என்ன, இந்தக் கணக்கு மாறாது.

#21 பேஸ்லைன் பாண்டி

அப்படியானால் 1, 2, 3 என்றே எண்ணித் தொலைக்கலாமே? யாரும் முயலவில்லையா?

(என் வட்டத் தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.)

#22 ஓய்வு லைன்ஸ்மேன்

முயன்றார்கள். அமெரிக்காவில் நியூபோர்ட்டைச் சேர்ந்த ஜிம்மி வான் ஆலன், லவ்–பதினைந்து எல்லாவற்றையும் ஒழித்து நேராக எண்ண வேண்டும் என்று ஒரு திட்டமே போட்டார். அது எடுபடவில்லை. ஆனால் அவர் கேட்டதில் ஒன்று நின்றது, டை-பிரேக். கேம் கணக்கு சமமாக நிற்கும் செட்டைச் சில பாயிண்டில் முடிக்கும் முறை.

1969 விம்பிள்டனில் பாஞ்சோ கொன்சாலஸும் சார்லி பசரெலும் 22–24, 1–6, 16–14, 6–3, 11–9 என்று 112 கேம் ஆடினார்கள். மறுவருடமே அமெரிக்க ஓப்பன் டை-பிரேக்கை எடுத்துக்கொண்டது. அது ஒன்பது பாயிண்ட் முறை. 4–4 ஆனால் அடுத்த ஒரு பாயிண்ட் இரண்டு பேருக்குமே செட் பாயிண்ட். விம்பிள்டன் 1971-இல் கேம் 8–8 ஆனால் என்று வைத்தது, 1979-இல் 6–6-க்கு இறக்கியது, கடைசி செட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. அதன் விளைவுதான் 2010-இல் இஸ்னரும் மஹூவும் ஆடிய 70–68 கடைசி செட். மூன்று நாள், 11 மணி 5 நிமிடம். 47–47-இல் ஸ்கோர்போர்டே நின்றுபோனது. 2022-இலிருந்து நாலு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6–6 ஆனால் பத்துப் பாயிண்ட் டை-பிரேக்.

டை-பிரேக்கில் 1, 2, 3 என்றுதான் எண்ணுகிறோம், கவனித்தீர்களா? வான் ஆலன் பின்கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்.

#23 ஷட்டில் ராஜா

சார் ஒரு சந்தேகம். எங்க காலனி கோர்ட்ல டபுள்ஸ் டோர்னமென்ட் போடுறோம், மிக்ஸட் டபுள்ஸும் உண்டு. லைட் கிடையாது, இருட்டுறதுக்குள்ள முடிக்கணும். வாத்தி சொன்ன மாதிரி டியூஸைத் தூக்கிடலாமா?

#24 ஓய்வு லைன்ஸ்மேன்

தாராளமாக. ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) இரட்டையர் ஆட்டத்திலேயே 2006 முதல் அப்படித்தான். 40–40 வந்தால் ஒரே பாயிண்ட். வலது பக்கம் வாங்குவதா இடது பக்கமா என்பதை ரிசீவ் செய்கிற ஜோடிதான் சொல்ல வேண்டும், சர்வர் இல்லை. மிக்ஸட் டபுள்ஸில் மட்டும் அந்தத் தேர்வு கிடையாது, ஆண் சர்வ் போட்டால் எதிரில் ஆண் வாங்க வேண்டும், பெண் போட்டால் பெண். சண்டை எப்போதும் இந்த இடத்தில்தான் வரும், ஆட்டத்துக்கு முன்னாலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.